பதினோராவது வால்வு

1955 நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, வெல்லெகெர்க் ஊரின் வடக்கு அணைக்கரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழும்பிய கடல், கரையைத் தாண்டாமல் அப்படியே நின்றுவிட்டது. நானூறு மீட்டர் நீளத்துக்குச் சுவர்போல நின்றது. இரு முனைகளிலும் சரிந்து இறங்கி, சாதாரணக் கடலோடு சேர்ந்துகொண்டது. அங்கெல்லாம் வழக்கம்போல ஏற்றமும் வற்றமும் நடந்தன. நடுவில் மட்டும் வற்றவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. அன்று ஊரே தேவாலயக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் பால் கறக்காத மாடுகள் போட்ட சத்தம் தாங்காமல் முதலில் பெண்கள் இறங்கினார்கள், பிறகு வெட்கப்பட்டு ஆண்களும் இறங்கினார்கள். அந்த வாரம் சந்தையில் வெங்காயம் கிலோ பதினோரு சென்ட். கரையோரத் தோட்டங்களில் தண்ணீர் வழியாக வடிகட்டி வந்த வெயில் பச்சையாக விழுந்ததால், அடுத்த வருடத்து வெங்காயம் சற்று வெளிறியிருந்தது. விலை குறையவில்லை.

தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்து அளந்தார்கள். தாண்டிய தண்ணீருக்கு அவர்களிடம் ஒரு படிவம் இருந்தது, வடிந்த தண்ணீருக்கு ஒரு படிவம் இருந்தது, நிற்கிற தண்ணீருக்கு இல்லை. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரே ஒரு குடும்பம்தான் போயிற்று. தன் பங்குக் கரையைக் காக்க முடியாதவன் மண்வெட்டியை அதில் குத்திவிட்டு வெளியேற வேண்டும், அதைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சேரும், காவலும் சேரும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய சட்டம். ரொட்டிக்கடைக்காரர் குத்திவிட்டுப் போன மண்வெட்டி கரையில் துருப்பிடித்து நின்றது, யாரும் பிடுங்கவில்லை. மற்றவர்கள் இருந்துகொண்டார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். நாங்கள் போட்டோம், வெள்ளம் வந்து அதன்மேல் நின்றுகொண்டது. அதற்காக ஊரை விட்டு ஓட முடியுமா?

கடல் நின்றதற்குக் காரணம் கரைமேல் இருக்கும் பம்பு வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதைச் செய்தவன் ஈமன் போகர்ட். பம்பு பார்ப்பது அவன் உத்தியோகம், ரேடியோ பழுதுபார்ப்பது அவன் பைத்தியம். 1953 பிப்ரவரியில் கடல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, இந்தப் பக்கத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேரைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்ததும், ஈமன் சேற்றில் கிடந்த ரேடியோக்களிலிருந்து பதினோரு கண்ணாடி வால்வுகளைப் பொறுக்கி எடுத்து, ஓர் எச்சரிக்கைக் கருவி கட்டினான். கடலில் ஒரு மிதவை. தண்ணீர் குறியைத் தாண்டினால் மிதவை மின்சாரத்தைத் திறந்துவிடும். வால்வுகள் சூடேறிச் சிவக்கும். பதினோராவது வால்வு தன் பலத்தால் ஓர் இரும்பு நாக்கைக் கீழே இழுக்கும். நாக்கு ஒட்டியதும் கோபுரத்திலுள்ள சங்கு ஊதும். அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீர் குறியைத் தாண்டியது, வால்வுகள் சிவந்தன, கடல் கரைக்கு மேல் எழும்பியது, சங்கு ஊதவில்லை. பதினோராவது வால்வு போன வெள்ளத்தில் உப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறிக் கிடந்தது. அதற்குச் சிவக்கத் தெம்பு இருந்தது, இழுக்கத் தெம்பு இல்லை. நாக்கு ஒட்டுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போது அந்தரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. கடலும் நின்றது.

ஏன் என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான். போன தடவை சொல்லாமல் வந்ததற்கு அதை இரண்டு வருடம் எல்லாரும் ஏசியிருந்தார்கள். போதகர் பிரசங்கப் பீடத்திலிருந்து ஏசினார், பெண்கள் அடுப்படியிலிருந்து ஏசினார்கள். இந்தத் தடவை அது சங்குக்காகக் காத்திருக்கிறது. ஊதினால் வரும். ஊதவே போவதில்லை என்று தெரிந்தாலும் வரும். ஊதும் ஊதும் என்று தோன்றும் வரைக்கும் நிற்கும். சங்கின் கம்பியை அறுத்துவிட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அறுக்கிறவர் கையைத் தூக்கலாம் என்றார் கரைத் தலைவர் லேண்டர்ட். ஒரு கையும் எழவில்லை.

ஆகவே ஊருக்கு வேண்டியது எப்போதும் களைத்திருக்கும் ஒரு வால்வு. செத்ததும் ஆகாது, தெம்பானதும் ஆகாது. உலகமே நல்ல வால்வைத் தேடி அலைந்த காலத்தில், ஈமன் பத்திரிகையில் ‘தேய்ந்துபோன வால்வுகள் தேவை’ என்று விளம்பரம் கொடுத்தான். கேலிக் கடிதங்கள் நிறைய வந்தன, வால்வுகளும் வந்தன. மீட்டரில் வைத்துப் பார்த்து, முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பவற்றை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தான். களைத்த வால்வு நாலைந்து மாதம் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகும் அந்த ஒரு கணம் கடல் பம்பு வீட்டு வடக்கு ஜன்னல் வழியே தலையை நீட்டும். ஈமன் ஒரு செகண்டுக்குள் முடித்துவிடுவான். தோள்பட்டை நனையும், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தலாமே என்று கேட்டவர்களுக்கு, சாத்தினால் கண்ணாடியோடு சேர்ந்து வரும், திறந்திருந்தால் தண்ணீர் மட்டும்தான் வரும் என்று சொல்வான்.

1962 மார்ச்சில் ஒரு வால்வின் கால் வளைந்திருந்தது. சொருகும்போதுதான் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று செகண்டு போயிற்று. கடல் ஜன்னல் வழியே இடுப்புவரை உள்ளே வந்து, ஈமனைத் தூக்கிக்கொண்டது. அவன் கையிலிருந்த வால்வு தரையில் விழுந்து உருண்டது. காபி எடுத்துக்கொண்டு வந்த அவன் மனைவி கிரீனா அதைப் பொறுக்கி, வளைந்த காலைப் பல்லால் கடித்து நேராக்கி, சாக்கெட்டில் குத்தினாள். மொத்தம் ஒன்பது செகண்டு. வால்வு சிவந்தது, நாக்கு நடுங்கியது, கடல் ஜன்னலுக்கு வெளியே போய் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஈமனும் அதற்குள் நின்றான். யோசிக்க அவளுக்கு நேரமிருக்கவில்லை. அன்று அவளுக்கு வயது முப்பத்திரண்டு, அவனுக்கு முப்பத்துநாலு.

ஈமன் அழுகவில்லை, மிதக்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒன்றரைக் கை தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். ஒரு காலில் மரச்செருப்பு இல்லை. சட்டைப் பையில் திருப்புளி குத்தியிருந்தது. கிரீனா விளக்கேற்றினால் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்புவான். முதல் வருடம் கரையோரம் போன ஆண்கள் அவனைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்கள்; பிறகு தலையை மட்டும் ஆட்டினார்கள். நகராட்சிப் பதிவேட்டில் அவனை இறந்தவனாக எழுத முடியவில்லை, குடியிருப்பவனாகவும் எழுத முடியவில்லை. ‘வெளியே போயிருக்கிறார்’ என்று எழுதினார்கள். பம்பு வேலையும் வால்வு வேலையும் கிரீனாவுக்கு வந்தன. அடுத்த பத்தொன்பது வருடத்தில் அவள் நாற்பத்தேழு தடவை வால்வு மாற்றினாள். ஒரு தடவைகூட இரண்டு செகண்டைத் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கடல் தலையை நீட்டும்போது ஈமனும் ஒரு கை தூரம் கிட்டே வருவான், அவள் தோள் நனையும், அவன் திரும்பப் போவான். மாற்ற வேண்டிய நாளில் அவள் தலை வாரிப் பின்னிக்கொள்வாள் என்பதை ஊர்ப்பெண்கள் கவனித்திருந்தார்கள். பெண்கள் கவனிக்காதது என்ன இருக்கிறது!

இதெல்லாம் போய்க்கொண்டிருக்கையில் உலகத்தில் வால்வுகள் தீர்ந்துபோயின. மக்கள் வால்வு ரேடியோக்களைக் குப்பையில் எறிந்துவிட்டு, உள்ளங்கையளவு டிரான்சிஸ்டர் பெட்டிகளை வாங்கினார்கள். களைத்தது மட்டுமல்ல, எதுவுமே கிடைக்கவில்லை. 1981 வசந்தத்தில் பிஸ்கட் டப்பாவில் இருந்தது ஒன்றே ஒன்று. கிரீனா நீர்வாரியத்துக்கு எழுதினாள். வாரியம் ரூலோஃப் வீர்ஸ்மா என்ற எஞ்சினியரை அனுப்பியது. வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரன், இருபத்தொன்பது வயது, நல்ல பையன். நல்ல பையன்களைக் கண்டுதான் பயப்பட வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவனுக்குப் பாவமாகிவிட்டது. கிரீனா பம்பைப் பார்க்கக் கீழே போயிருந்த அரைமணி நேரத்தில், அவளுக்கு ஓர் உபகாரம் செய்யலாம் என்று நினைத்தான். மின்சாரத்தை நேராக்கித் தரும் பெரிய வால்வு ஒன்று இருந்தது. அதைப் பிடுங்காமலே அதன் காலடியில் அதே வேலையைச் செய்யும் இரண்டு சிலிக்கன் டயோடுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் வால்வு வழியே வரும்போது மின்சாரம் கொஞ்சம் களைத்து வரும். டயோடு வழியே களைக்காமல் வரும். பெட்டிக்குள் மின்னழுத்தம் நாற்பது வோல்ட் ஏறியது. பதினோராவது வால்வுக்குக் கிழவனுக்குச் சாராயம் ஊற்றியதுபோல ஆயிற்று. இரும்பு நாக்கு ஒரு கண்ணிமைப்பு ஒட்டி விட்டது.

கோபுரத்தில் சங்கு அரை மூச்சு ஊதியது. இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்டிராத சத்தம். எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தார்களோ அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியோடு நின்றாள், சவரம் செய்துகொண்டிருந்தவன் நுரையோடு நின்றான். கடல் கரையின் இந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தது. அந்த ஓரடியில் கரைச்சரிவில் மேய்ந்த பதினான்கு ஆடுகளும், ரொட்டிக்கடைக்காரரின் மண்வெட்டியும் போயின. கிரீனா படியேறி ஓடிவந்தாள். மிளகைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். படுக்கையருகே இருந்த அறுபது வாட் பல்பைக் கழற்றி, டயோடுக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பியோடு கம்பியாக முறுக்கினாள். அதிகப்படி மின்சாரத்தைப் பல்பு விழுங்கிக்கொண்டு மங்கலாக எரிந்தது. நாக்கு மேலே ஏறி, பழைய இடத்தில் நடுங்கத் தொடங்கியது. கடல் எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டது, ஆடுகளைத் திருப்பித் தராமல்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிரீனா பட்டாணி சூப்பை அவன் முன் வைத்து, “தின்னுட்டு வேலையைப் பாரு தம்பி. உன்னால வந்ததை நீதான் முடிக்கணும்,” என்றாள். அழுவதை நிறுத்திவிட்டு அவன் யோசித்தான். அவன் யோசனை சரியாகத்தான் இருந்தது. பதினோராவது வால்வின் இடத்தில் புது ரேடியோக்களில் வால்வுக்குப் பதில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒன்றை வைக்கலாம். அதற்குச் சூடேற வேண்டியதில்லை, தேய்மானம் இல்லை. ஒரு சின்னத் திருகு வைத்தால், எவ்வளவு பலம் காட்ட வேண்டும் என்று திருகி நிறுத்திவிடலாம். அதை என்றைக்கும் களைத்தே இருக்கும்படி செய்யலாம். போதகருக்கு இதில் மனச்சங்கடம். உண்மையில் களைத்த வால்வு வேறு, களைத்ததுபோல நடிக்கிற ஒன்று வேறு, நாம் கடலிடம் பொய் சொல்கிறோம் அல்லவா என்று கேட்டார். “அது பொய் சொல்லாது போதகரய்யா. தர்றதைக் கொஞ்சமாத் தரும், அவ்வளவுதான். உங்க சபையில பாதிப்பேர் காணிக்கை அப்படித்தானே போடுறாங்க?” என்றாள் கிரீனா.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. டிரான்சிஸ்டரை ஒரு செகண்டில் சொருகிவிட முடியாது. திருகு எங்கே நிற்க வேண்டும் என்பது மின்சாரம் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே வால்வையும் டிரான்சிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, வால்வின் சூட்டை ஒருவர் மெல்ல மெல்லக் குறைக்க, டிரான்சிஸ்டரின் பலத்தை இன்னொருவர் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். கூட்டுகிறவர் முந்தினால் சங்கு ஊதும். குறைக்கிறவர் முந்தினால் கடல் ஜன்னல் வழியே வரும். ஒன்றரை நிமிட வேலை. குறைக்கிறது ரூலோஃப், கூட்டுகிறது கிரீனா என்று முடிவாயிற்று, வேறு யாருக்கும் அந்தக் கை கிடையாது.

அங்கேதான் ஊருக்குப் பயம் பிடித்தது. கடையில் கிரீனா நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறியது. எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பயந்தவனுக்கு நன்றி மறந்துபோகும். கடைசியில் ஆண்கள் மட்டும் கூடிய கூட்டத்தில் லேண்டர்ட்தான் சொன்னார்.

“முதல் தடவை யோசிக்க அவளுக்கு நேரமில்ல. இந்தத் தடவை ஒன்றரை நிமிஷம் இருக்கு, புருஷனும் ஜன்னல்ல நிக்கிறான்.”

வேறு யாரையாவது பழக்கலாமா என்று பேசிப் பார்த்தார்கள். யாரையும் பழக்க வால்வு இல்லை. கடைசி வால்வின் முள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றும் நாளன்று ஊரைக் காலி செய்ய வாரியம் ஆறு பஸ் அனுப்புவதாகச் சொன்னது. ஊர் கூடி யோசித்து, வேண்டாம் என்று எழுதியது. அதை வீரம் என்று பிற்பாடு செய்தித்தாள்கள் எழுதின. வீரமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஊர் காலியாக இருந்தால் கிரீனாவுக்கு என்ன தடை? வெறும் வீடுகளும் வெங்காயத் தோட்டமும்தானே போகும்? எல்லாரும் இங்கே இருக்க வேண்டும், இருப்பதை அவள் பார்க்க வேண்டும். அதுதான் கணக்கு. நல்லவர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தேவாலய நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கரைச்சரிவில் பம்பு வீட்டின் தெற்கு ஜன்னலுக்கு நேராக வரிசை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. கைக்குழந்தைகளை மடியில் முன்பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைக் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல், பம்பு வீட்டுக்குப் பின்னால், கடல் நின்றது. அந்த மஞ்சள் வெயிலில் அதற்குள் விலாங்குகள் வளைந்து போவது தெரிந்தது. பிரசங்கத்தின்போது செய்வதுபோலப் பெப்பர்மின்ட் மிட்டாய்ப் பொட்டலம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. கிரீனா ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தாள். கணக்கு அவளுக்குப் புரியாமல் போகுமா? முகம் ஒரு மாதிரி ஆயிற்று என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். தலை வாரிப் பின்னியிருந்தாள்.

“குளிர்ல எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

வடக்கு ஜன்னல் திறந்திருந்தது. இரண்டே கால் மணிக்குத் தொடங்கினார்கள். இருவர் கண்ணும் இரும்பு நாக்கின்மேல் இருந்தது. ரூலோஃப் குமிழை ஒரு கோடு குறைப்பான், கிரீனா திருகை ஒரு நூல் கூட்டுவாள். நாக்கு நடுங்கும், நிற்கும். மறுபடி ஒரு கோடு, ஒரு நூல். முதல் நிமிடம் எண்ணெய் ஊற்றியதுபோலப் போயிற்று. வால்வின் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. முக்கால்வாசி வந்ததும் ரூலோஃப் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். தலை நிமிர்ந்து வடக்கு ஜன்னலைப் பார்த்தான். ஈமன் அங்கே முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் பிறந்தவர்களுக்கு அது பழக்கம். வெளியூர்ப் பையனுக்கு இல்லை. அவன் கை உதறியது, குமிழ் கடைசிவரை ஓடிவிட்டது. வால்வு அணைந்தது.

கடல் உள்ளே வந்தது. வேகமாக வரவில்லை. அழைத்த வீட்டுக்குள் வருவதுபோல ஜன்னல் சட்டத்தின்மேல் இடுப்பை வைத்து, மேசையின் மேலாக வந்தது. அதோடு ஈமனும் வந்தான். கிரீனாவின் வலது கையில் திருப்புளி, திருப்புளியின் முனை திருகில். இடது கை சும்மா இருந்தது. தண்ணீரின் முகப்பைத் தாண்டி அவன் கை மணிக்கட்டுவரை வெளியே வந்து, அந்த இடது கையைப் பிடித்தது. ரூலோஃப் இதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தான். அறிக்கையில் எழுதவில்லை, பின்னால் என்னிடம் சொன்னான். ஈமனின் கை ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தானாம். ஆனால் அந்தக் கையிலிருந்து ஆவி வந்ததாம். அவள் அப்போதே திருப்புளியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் காலை முட்டுக்கொடுத்து இழுத்திருந்தால், அவன் இந்தப் பக்கம் வந்திருப்பான். அதில் ரூலோஃபுக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நாற்காலிகளில் இருந்தவர்கள் பார்த்தது, தெற்கு ஜன்னல் முழுக்கப் பச்சையாகிப்போனதை. ஒரு குழந்தை சிரித்தது. லேண்டர்ட் கண்ணை மூடிக்கொண்டார். போதகர் தொடங்கிய ஜெபத்தில் இரண்டாம் வரி அவருக்கு மறந்துபோயிற்று.

கிரீனா ஈமனைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு கிட்டே அவனை அவள் பார்த்ததில்லை. அவனுக்கு முப்பத்துநாலு; அவளுக்கு ஐம்பத்தொன்று. தன்னை அடையாளம் தெரிகிறதா என்று அவன் முகத்தில் தேடினாள், தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“விடு ஈமன்,” என்றாள். “வேலையா இருக்கேன்.”

அவன் விடவில்லை. அவள் வலது கையால் திருகை மீதித் தூரத்துக்குச் சுற்றினாள், ஒரே சுற்றாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். நாற்பத்தேழு தடவை பழகிய கை, தப்பவில்லை. நாக்கு இறங்கி, மயிரிழையில் நின்று நடுங்கியது. கடல் பின்வாங்கியது. ஈமனின் கை அவள் கையை இழுத்துக்கொண்டே போயிற்று. ஜன்னல் சட்டம்வரை அவள் கை நீண்டது. பிறகு அவள் விரல்களை விரித்தாள். மொத்தம் பதினோரு செகண்டு. பம்பு வீட்டுத் தரையில் முழங்கால் அளவு தண்ணீரும் இரண்டு தட்டைமீன்களும் மிச்சம்.

கதவைத் திறந்துகொண்டு ஊர் உள்ளே வந்தபோது அவள் திருப்புளியைத் திருகிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். திருகு தானாக நகர்ந்துவிடாமல் ஏதாவது வைத்து ஒட்ட வேண்டும், நகப்பூச்சு இருந்தால் உத்தமம் என்றான் ரூலோஃப், பல் கிட்டியபடி. எங்கள் சபையில் நகத்துக்குச் சாயம் பூசுவது பாவம். அப்படி ஒரு பொருள் எந்த வீட்டிலும் இல்லை என்று எல்லாப் பெண்களும் ஒருமுகமாகச் சொன்னார்கள். கிரீனா திருப்புளியைப் பிடித்த கை மரத்துப்போகும்வரை சொன்னார்கள். பிறகு போதகரின் மனைவி வீட்டுக்கு நடந்துபோய், பாதி தீர்ந்த ஒரு சிவப்புப் புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். போதகர் அதைப் பார்த்தார். அன்றைய தினம் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது.

பூசுவதற்கு முன் கிரீனா ரூலோஃபிடம் கேட்டாள். “இது எத்தனை வருஷம் தாங்கும்?”

நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தேயவே தேயாது, மாற்றவே வேண்டாம், இனி அவள் தோள்கூட நனையாது என்றான் அவன். அவள் தலையாட்டினாள். திருகின்மேல் ஒரு சொட்டு வைத்து, காயும்வரை ஊதினாள். அதன்மேல் இன்னொரு சொட்டு வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். முந்நூறு பேர் சுற்றி நின்றோம், ஒருவருக்கும் அவள் தோளைத் தொடத் தைரியம் வரவில்லை. நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ரூலோஃப் வருடாவருடம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறான். அந்த டிரான்சிஸ்டர் முப்பத்துமூன்று வருடமாக ஒரே அளவுக்குக் களைத்திருக்கிறது. பயம் போகவில்லை, ஆனால் அது இப்போது மூட்டுவலி மாதிரி, மழைக்காலத்தில் மட்டும் தெரியும். கடலோரம் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். கோடையில் ஜெர்மன்காரர்கள் வந்து தண்ணீர்ச் சுவரைப் படம் எடுக்கிறார்கள், போலுஸ் என்கிற பாகு ரொட்டி வாங்கித் தின்கிறார்கள், கையெல்லாம் பிசுபிசுப்பதாகக் குறைசொல்கிறார்கள். கிரீனாவுக்கு எண்பத்துநாலு வயது. இன்னும் பம்பு வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். ஒன்றரைக் கை தூரத்தில் ஈமன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். முதலில் வந்த வெளியூர்க்காரர்கள் உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டார்கள். பிறகு வந்தவர்கள் உங்கள் மகனா என்று கேட்டார்கள். போன மாதம் புதிதாக வந்த தபால்காரி கடிதத்தை நீட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, “பேரனாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமா,” என்றாள் கிரீனா, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.